அடி எங்களுக்கு, பெயர் யாருக்கு?

விருத்தாசலம் பக்கம் ஒரு குறவர் குடியிருப்பு. சுவரில் வேட்டியைக் கட்டி இளைஞர்களுக்கு 'ஜெய் பீம்' படம் போட்டோம். லாக்கப் காட்சி வந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே போனேன். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்:

"அடி எப்படி விழும்னு எனக்குத் தெரியும் தம்பி. சினிமா காட்டித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? ஆனா ஒன்னு கேக்கறேன். செத்தது எங்க ஆளு. படத்துல ஏன் வேற சாதின்னு சொல்றான்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு தமிழ் சினிமாவின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கிறேன்.

நம் உடம்பு திரையில் வதைபடுவது புதிதல்ல. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர். கோயிலுக்குள் போக ஆசைப்பட்ட ஒரு பறையர் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்பது கதை. அதைக் கொலை என்று யார் சொன்னார்கள்? முக்தி என்றார்கள். கொட்டகையில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த தீயில் எந்தச் சோதியும் தெரியவில்லை. குடிசையும் கரிக்கட்டையும்தான் மிஞ்சின.

பக்தி போய் போலீஸ் வந்தது. 2003இல் மட்டும் 'சாமி', 'காக்க காக்க' என்று இரண்டு படங்கள். கதாநாயகன் காக்கிச் சட்டையில் வந்து சுட்டால் விசில் பறக்கிறது. அடிபடுகிறவன் யார், எந்தத் தெருக்காரன் என்று கேட்க அங்கே இடமே இல்லை. ரவுடி என்ற ஒரு சொல் போதும். லாக்கப்பில் விழுகிற அடிக்குப் பொதுப்புத்தியில் கைதட்டல் இப்படித்தான் தயாராகிறது.

'விசாரணை' (2016) அந்தக் கைதட்டலை நிறுத்தியது. காரணம் இருக்கிறது. ஆந்திரப் போலீசிடம் அடிபட்ட கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தானே எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்த படம் அது. அடிபட்டவனே பேசும்போது கேமராவும் அவன் பக்கம் நிற்க வேண்டியதாகிறது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். 'ஜெய் பீம்' 2021இல் வந்தது. 1993இல் இந்தப் பகுதியில் ஒரு குறவர் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட வழக்குதான் அதன் அடிப்படை. அவர் மனைவி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு உயர்நீதிமன்றத்தில் வாதாடினார். போலீசாருக்குத் தண்டனை உறுதியாக 2006 வரை ஆனது. 13 ஆண்டுகள்! படத்தில் அந்தக் குடும்பம் இருளர் குடும்பமாகிவிட்டது.

இருளரும் வதைபடுகிறவர்கள்தான். அவர்கள் துயரத்தைக் காட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குறவர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குறவர்கள் ரேகை வைத்தார்கள். ஸ்டேஷனில் ஆஜர் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. போலீசின் மண்டைக்குள் ஒழியவில்லை. நகை காணாமல் போனால் ஜீப் நேராகக் குறவர் தெருவுக்கு வருவது இதனால்தான். பெயரை மாற்றும்போது இந்த வரலாறும் சேர்ந்து போய்விடுகிறது. இத்தனைக்கும் ஜெயில் வாசலில் சாதியைக் கேட்டுக் கேட்டு ஆட்களைப் பிரிக்கிற காட்சியில்தான் அந்தப் படமே தொடங்குகிறது!

அதே 2021இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்'. 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்து சூறையாடிய கொடியன்குளத்தின் நினைவு அது. படத்தில் ஊர் பொடியங்குளம். ஆண்டும் 1995 இல்லை. ஆனாலும் ஒரு காட்சியை நான் மறக்க மாட்டேன். ஸ்டேஷனில் ஊர்ப் பெரியவர்கள் அடிவாங்குகிறார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? குனியாமல் நின்றது, அரசர்களின் பெயரை வைத்துக்கொண்டது. பெயருக்காகத்தான் அடி என்பதை அந்தக் காட்சி தெரிந்து வைத்திருக்கிறது.

வதையைக் காட்டுவது பெரிய காரியமில்லை. ரத்தத்தை யாரும் காட்டலாம். பார்க்கிறவன் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தச் சாதி, யார் கையில் லத்தி என்று சொன்னால்தான் அது சாட்சியம். சொல்லாவிட்டால் வெறும் இரக்கம். இரக்கத்தை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது.

படம் முடிந்து வேட்டியை மடிக்கும்போது பெரியவர் திரும்பி வந்தார். "எழுதறவன்தானே நீ? நான் சொல்றேன், எழுதிக்க," என்றார். தன் பெயர், தகப்பன் பெயர், பிடித்துப்போன வருஷம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். விடியும்வரை எழுதினேன்.