ஹாஸ்டல் ரூமில் ஒரு பாட்டுக்கடை

1998-ம் வருடக் கடைசி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். அங்குள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஷான் ஃபேனிங் ஃபர்ஸ்ட் இயர் மாணவர். அவருடைய ரூம்மேட்டுக்கு ஒரு தீராத எரிச்சல். இன்டர்நெட்டில் எம்.பி.3 பாட்டு தேடினால் பெரிய பட்டியலே வரும். க்ளிக் பண்ணினால் பாட்டு இருக்காது.

இதற்கு ஒரு வழி பண்ணலாமே என்று உட்கார்ந்தார் ஃபேனிங். உட்கார்ந்ததில் படிப்பு பாதியிலேயே நின்றுபோனது. 1999 ஜூனில் நாப்ஸ்டர் வந்தது.

விஷயம் ரொம்ப எளிது. நாப்ஸ்டர் தன்னிடம் ஒரு பாட்டைக்கூட வைத்துக்கொள்ளாது. யாருடைய கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டு இருக்கிறது என்கிற பட்டியல் மட்டும்தான் அதன் கையில். பாட்டு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரிலிருந்து நேராக உங்களுடையதற்கு வந்துவிடும். காசு? நயா பைசா கிடையாது.

இந்தத் தீ ஏன் மாணவர்களிடம் முதலில் பற்றிக்கொண்டது? கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது டெலிபோன் லைனில் ஓடும் 56கே மோடம். நாலு எம்.பி. பாட்டு ஒன்று இறங்க பத்து நிமிடத்துக்கு மேலாகும். ஹாஸ்டல் ரூமிலோ பல்கலைக்கழகத்தின் அதிவேக இணைப்பு. ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டைவிட்டு முதல்முறையாக வெளியே வந்த பதினெட்டு வயசு. ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும் கேட்க ஆளில்லை. சி.டி. வாங்கப் பையில் காசும் இல்லை. அப்புறமென்ன?

பல்கலைக்கழகங்கள் திணறின. படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போட்ட லைனில் பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. 2000 பிப்ரவரியில் இண்டியானா பல்கலைக்கழகம் நாப்ஸ்டருக்குத் தடை போட்டது. மாணவர்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். ரெக்கார்டிங் கம்பெனிகள் ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போயிருந்தன. ஏப்ரலில் மெட்டாலிகா ராக் குழுவும் வழக்குப் போட்டது. நாப்ஸ்டர் மீது மட்டுமல்ல. இண்டியானா, யேல், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் மீதும்! 2001 ஜூலையில் நாப்ஸ்டர் கடையைக் கட்டியது.

நான் காமர்ஸ் படித்தவன். திருட்டை நியாயப்படுத்த வரவில்லை. பாடியவருக்கும் எழுதியவருக்கும் போகவேண்டிய கூலி போகவில்லை, அது தப்புதான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. பிடித்தது ஒரே ஒரு பாட்டு. அதற்காகப் பத்துப் பன்னிரண்டு பாட்டு உள்ள சி.டி.யை முழு விலை கொடுத்து வாங்கவேண்டும். 'எனக்கு அந்த ஒரு பாட்டு போதும்யா' என்று கோடிக்கணக்கான பேர் சொன்னார்கள். வியாபாரி காதில் அது விழவேண்டாமா?

விழவில்லை. 2003 ஏப்ரலில் ரெக்கார்டிங் கம்பெனிகள் நான்கு மாணவர்கள் மீதே நேரடியாக வழக்குத் தொடுத்தன. பாட்டு ஒன்றுக்கு 1,50,000 டாலர் வரை நஷ்டஈடு கேட்டார்கள். நால்வரில் ஒருவர், நியூயார்க் மாநிலத்தில் ரென்ஸிலர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தின் ஃபர்ஸ்ட் இயர் மாணவர். கேம்பஸ் நெட்வொர்க்கில் இருக்கும் ஃபைல்களைத் தேடித் தரும் தேடுபொறி ஒன்றை நடத்திவந்தவர். வழக்கை நடத்த வசதி ஏது? மே மாதம் சமரசம். 12,000 டாலர் கட்டினார். அதுவரை அவர் சேர்த்துவைத்திருந்த காசு அவ்வளவுதான். பிறகு முகம் தெரியாத பலர் நன்கொடை அனுப்பி ஈடுகட்டினார்கள்.

அந்த சமரசத்துக்குச் சில நாள் முன்னால், ஏப்ரல் 28 அன்று, ஆப்பிள் கம்பெனி இன்டர்நெட்டில் ஒரு பாட்டுக்கடை திறந்தது. முழு ஆல்பம் வாங்கவேண்டாம். ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. வாங்கியவர்கள் எல்லோரும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள்!

இந்தக் கடையை ரெக்கார்டிங் கம்பெனிகள் நாலு வருஷம் முன்னாடி திறந்திருந்தால்? அந்த ஃபர்ஸ்ட் இயர் பையனின் 12,000 டாலர் அவன் பேங்க் கணக்கிலேயே இருந்திருக்கும். பாடகருக்கும் நாலு காசு போயிருக்கும்.