கல்வராயன் மலை ஏறினதும் டர்போ காரை உடனே ஆஃப் பண்ணலாமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறுறீங்க. ஆள் நிறைய இருந்தும் சின்ன இன்ஜின் திணறாம இழுக்குதா? பெரும்பாலும் டர்போவோட வேலைதான்.

சைலன்ஸரில் வீணாகப் போகும் புகை ஒரு குட்டி டர்பைனைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம், பவர் எகிறும்.

எட்டு சிலிண்டர் கார்களில் இது இன்னும் சுவாரஸ்யம். பக்கத்துக்கு நாலாக 'வி' வடிவில் சிலிண்டர்கள் நிற்கும். டர்போவை வெளிப்பக்கம் மாட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. 2008-ல் பி.எம்.டபிள்யூ தன் 4.4 லிட்டர் இன்ஜினில் இரண்டு டர்போவையும் 'வி'க்கு நடுவே வைத்தது. புகை போகும் தூரம் குறைந்ததால் மிதித்ததும் சீறும். செம ஐடியா, ஆனா சூடு மொத்தமும் நடுவில் சேரும்!

நம்ம வண்டிக்கும் சூடுதான் வில்லன். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் டர்போவின் பேரிங்கைக் காப்பது இன்ஜின் ஆயில். மலை ஏறிய கையோடு ஆஃப் செய்தால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கியது கருகிப் படியலாம். ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைங்க. கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் ஆயிலையும் மாத்திடுங்க.