மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? – விட்பியிலிருந்து ஒரு கணக்கு

டொராண்டோவுக்குக் கிழக்கே நான் வசிக்கும் விட்பி நகரின் ஒருபுறம் பிக்கரிங் அணுமின் நிலையம், மறுபுறம் டார்லிங்டன் அணுமின் நிலையம். அடுத்த ஊரான ஒஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை. இங்கே கார் வாங்கும் நண்பர்களிடையே 'மின்சாரமா, பெட்ரோலா?' என்ற விவாதம் எழுவது இயல்புதான்.

மின்சாரக் கார் புதிய கண்டுபிடிப்பல்ல. டொராண்டோவில் 1893ஆம் ஆண்டிலேயே ஃபெதர்ஸ்டன்ஹா என்ற காப்புரிமை வழக்கறிஞருக்காக ஒன்றைக் கட்டினார்கள். சாலை வாகனம் ஒன்று முதன்முறையாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டியது 1899இல், பிரான்சில். அதுவும் மின்கலத்தில் ஓடியதே.

வேகம்: பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை, அதன் சுழற்சி ஓரளவு உயர்ந்த பிறகே முழுமை பெறும், அதற்காகவே பல கியர்கள். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே ஏறத்தாழ முழு முறுக்குவிசையையும் தந்துவிடும். 401 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே நுழையும்போது இந்த வேறுபாடு நன்றாகப் புலப்படும்.

செலவு: பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரங்களைச் சேர்கிறது, மீதி பெரும்பாலும் வெப்பமாக வீணாகிறது. மின்சாரக் காரில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சேர்கிறது. விட்பியிலிருந்து டொராண்டோ நகர மையத்துக்குப் போய்வர சுமார் 110 கி.மீ. நூறு கி.மீ.க்கு 20 கிலோவாட் மணி என்று கொண்டால் 22 கிலோவாட் மணி வேண்டும். ஒன்டாரியோவில் 2023இல் அறிமுகமான நள்ளிரவுக் கட்டணம் 2024இல் கிலோவாட் மணிக்கு 2.8 காசாக இருந்தது. அந்தக் கணக்கில், விநியோகக் கட்டணமும் வரியும் நீங்கலாக, 62 காசுதான்! நூறு கி.மீ.க்கு 8 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காருக்கு இதே தூரத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர் ஆகும். ஆனால் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வார நாட்களின் மாலைக் கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது.

குளிர்காலம்: பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் வெப்பமே ஜனவரியில் காருக்குள் நம்மைக் கதகதப்பாக வைக்கிறது. மின்சாரக் கார் அந்த வெப்பத்துக்கும் மின்கலத்தையே நாட வேண்டும். குளிரில் மின்கலத்தின் வேதிவினையும் மந்தமாகிவிடும். கனடிய மோட்டார் வாகனச் சங்கம் 2025 பிப்ரவரியில் நடத்திய சோதனையில், கார்கள் ஓடிய தூரம் அறிவிக்கப்பட்டதைவிட 14 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. இருந்தாலும் 400 கி.மீ. ஓடக்கூடிய கார் 240 கி.மீ. ஓடினால்கூட என் அன்றாடப் பயணத்துக்குத் தாராளம்.

ஆகவே வேகத்திலும் அன்றாடச் செலவிலும் என் ஓட்டு மின்சாரத்துக்கே. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும், வீட்டோடு கராஜ் உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும். ஸ்கார்பரோவின் அடுக்குமாடிகளில் வாழும் நம்மவர்களில் பலருக்குக் கார் நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு கிடையாது. பொது நிலையத்தில் விரைவு சார்ஜ் செய்ய, இரவுக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு தரவேண்டும். மலிவான மின்சாரம் சொந்த வீடு உள்ளவருக்கு மட்டும் என்றால், அது பொறியியல் சிக்கலல்ல. கட்டட விதிகளால் தீர்க்க வேண்டிய சிக்கல். அதுவரை, காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் அது இரவில் நிற்கப்போகும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.