படத்தின் முதுகில் எழுதுங்கள்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டை ஒட்டிய சந்தில் என் பட்டறை. பழுதான தஞ்சாவூர் ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். போன மார்கழியில் ஓர் அம்மா ஆலிலைக் கிருஷ்ணரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். மணி மாலையின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

"அசல் தங்கம்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க" என்றார்.

தங்கத்தில் களிம்பு ஏறாது. செம்போடு கூடப் பிறந்தது களிம்பு என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கே அதை உவமை சொல்வார்கள். அந்தப் படத்தில் இருந்தது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ரேக்கு. புதிதில் கண்ணைப் பறிக்கும். விரல் வியர்வையும் ஈரக்காற்றும் பட்டால் மேல்பூச்சைத் தாண்டிச் செம்பு வெளியே வந்துவிடும்.

இந்த ஓவியக் கலை தஞ்சை மராட்டியர் அரண்மனை நிழலில் செழித்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் உச்சம் கண்டது. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த மக்கால் நகையையும் தூணையும் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, அதன்மேல் தங்க ரேக்கை அழுத்தி ஒட்டுவார்கள். ரேக்கு 22 காரட். நாம் கழுத்தில் போடும் 916 நகையின் அதே மாற்று. 1855இல் அரசு முடிந்தபின் செட்டிநாட்டு வீடுகள் போன்றவை ஓவியர்களைத் தாங்கின. பின்னாளில் பயிற்சி வகுப்புகள் ஊர் ஊராகப் பரவின. நானும் அப்படிக் கற்றவள்தான். கூடவே மலிவு ரேக்கும் பரவியது.

போலிப் பொன்னை நான் இழிவாக நினைப்பதில்லை. தெருக்கூத்துக் கிரீடத்தில் மின்னுவது ஜிகினாவும் கண்ணாடித் துண்டும்தான். அதைக் கட்டியவரும் மறைக்கவில்லை, பார்ப்பவரும் ஏமாறவில்லை. பித்தளையைத் தங்கத்தின் விலைக்கு விற்பதுதான் பாவம்.

அந்தக் கிருஷ்ணரின் மக்கு வேலை அருமையானது, செய்தவர் கைதேர்ந்தவர். பச்சையைச் சுரண்டி எடுத்து, தங்க ரேக்கு ஒட்டினேன். படத்தைத் திருப்பி, பலகையில் ரேக்கின் மாற்றையும் ஆண்டையும் எழுதிக் கொடுத்தேன்.

ஓவியம் செய்வோர் ஒவ்வொருவரும் இப்படி எழுதித் தரவேண்டும். வாங்குவோரும் முன்பக்கம் பார்த்துக் கும்பிட்டபின், ஒருமுறை பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.