நோட்டு, பிடில், கட்டை

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வரை இன்று அதை யாரும் அயல்பயிராக எண்ணுவதில்லை. அதே காலத்தில் வெள்ளைக்காரர்களோடு வந்து இங்கே வேர்பிடித்தவற்றுள் சில இசைச் சொற்களும் உண்டு. ஆனால் அவை முளைத்தபோது வேறு செடியாக முளைத்தன.

முதலில் 'நோட்டு'. ஆங்கிலத்தில் இச்சொல் தனியொரு சுரத்தைக் குறிக்கும். நம் நாகஸ்வரக்காரரிடம் நோட்டு வாசிக்கச் சொன்னால் அவர் ஒற்றைச் சுரத்தை ஊதிவிட்டு நிறுத்த மாட்டார். துள்ளல் நடையில் ஒரு மெட்டையே வாசித்து முடிப்பார். கோட்டைப் பட்டாளத்தின் பேண்டுக்காரர்கள் தாளில் எழுதியதைப் பார்த்து வாசித்தார்கள். தாளில் இருந்தது நோட்டு என்றால், வாசித்ததும் நோட்டுதானே! இப்படித்தான் பொருள் மாறியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

இந்தக் குழப்பம் பாமரர்களுக்கு மட்டும் உரியதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது ஆங்கிலேய பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அதற்குக் கிடைத்தது. அம்மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். சற்றேறக்குறைய நாற்பது உருப்படிகள். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. இவற்றுக்கு வழங்கும் பெயர் 'நோட்டுஸ்வரம்'. நோட்டு என்றாலும் சுரம், ஸ்வரம் என்றாலும் சுரம். 'கேட்டுக் கதவு', 'நடு சென்டர்' என்பவற்றுக்கு மூத்த அண்ணன் இச்சொல். பின்னர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த 'இங்கிலீஷ் நோட்டு', மதுரை மணி ஐயரின் குரலில் கச்சேரி மேடைகளில் நிலைபெற்றது.

அடுத்தது 'பிடில்'. மேற்கில் வயலினுக்கு இது நாட்டுப்புறப் பெயர். அமெரிக்கக் கிராமத்து ஆட்டங்களில் வாசிப்பவர் பிடில்காரர். அரங்கில் கோட்டு அணிந்து வாசிப்பவர் வயலின் கலைஞர். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதே மணலி நாட்களில் ஐரோப்பியர் ஒருவரிடம் இக்கருவியைக் கற்றார். நம்மவர்கள் அந்தப் பெயர் வேற்றுமையைப் பொருட்படுத்தவில்லை. திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் (1857–1913) போன்ற மேதையும் இங்கே பிடில் வித்வான்தான். குடியானவனின் சொல்லுக்கு நாம் அங்கவஸ்திரம் போர்த்திவிட்டோம்.

மூன்றாவது 'கட்டை'. நாடகக் கம்பெனிகளின் ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை அரை என்று வைத்தார்கள். ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எல்லாம் உண்டு. மூன்றரை மட்டும் கிடையாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டையே இல்லை. ஆகவே நான்கிலிருந்து நாலரைக்கு உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவேதான் மூன்றிலிருந்து நான்குக்கும். கணக்கு வாத்தியார் கேட்டால் பிரம்பை எடுப்பார். ஆயினும் 'ஐந்தரைக் கட்டை' என்று சொன்னால் பக்கவாத்தியக்காரர் எவருக்கும் இம்மியும் ஐயம் எழுவதில்லை. நாகஸ்வரம் செய்யும் ஆசாரிக்கும் அந்த அளவே போதும்.

இதில் ஒரு நகைமுரணும் உண்டு. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. நம் கமகங்களுக்கு அது ஒவ்வாது என்பது வாதம். 1971 வரை அத்தடை நீடித்தது. தடையை ஆதரித்த பண்டிதர்களும் தம் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்லியாக வேண்டியிருந்தது. வாசலில் நிறுத்தப்பட்ட பெட்டி சொல்லாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

இசைக்கலைஞர்களின் ஆங்கிலத்தைக் கேலி செய்வது படித்தவர்களுக்கு எளிய பொழுதுபோக்கு. ஆனால் தஞ்சை அரண்மனை, மணலி மாளிகை, நாடகக் கொட்டகை ஆகியவற்றைக் கடந்து வந்த இசையின் வழித்தடம் இச்சொற்களில் பதிந்திருக்கிறது. பொருளைத் திருத்தி 'சரியாக'ச் சொல்லத் தொடங்கினால் அத்தடம் அழிந்துபோகும். அகராதி அறியாத கலைஞர்கள் தாம் கேட்டதற்குத் தம் காதை நம்பிப் பெயர் வைத்தார்கள். அப்பெயர்களைக் கொண்டே இருநூறு ஆண்டுகளாகச் சுருதி பிசகாமல் வாசித்தும் வருகிறார்கள். சிரித்துவிட்டு, அவர்களுக்கு ஒரு வணக்கமும் சொல்வது நம் கடன்.