மூடாத நாளத்தின் சரித்திரம்

கர்ப்பத்திலுள்ள சிசுவுக்குச் சுவாசகோசங்களால் வேலை இல்லையாதலால், அவற்றுக்குச் செல்லும் இரத்தத்தின் பெரும்பகுதியை மகாதமனிக்குத் திருப்பிவிடும் சிறு நாளமொன்று இருதயத்தருகே அமைந்திருக்கிறது. பிறந்த சில தினங்களில் தானே சுருங்கி அடைபட வேண்டிய அது, குறைமாதக் குழந்தைகள் பலருக்குத் திறந்தபடியே நின்று, சுவாசகோசங்களில் இரத்தத்தைப் பெருக்கி, இருதயத்தைக் களைப்படையச் செய்கிறது.

1938 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், தலைமை ரணசிகிச்சை நிபுணர் வில்லியம் லாட் ஊரில் இல்லாத சமயத்தில், அவருடைய இளம் உதவியாளர் ராபர்ட் கிராஸ் ஏழரை வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பைத் திறந்து, அந்நாளத்தைப் பட்டுநூலால் கட்டி வெற்றி கண்டார். பிறவி இருதயக் கோளாறுகளுக்கான ரணசிகிச்சையின் சகாப்தமே அன்று தொடங்கியது எனலாம்.

ஆயினும், ஒரு கிலோ எடைகூட இல்லாத சிசுவுக்கு அச்சிகிச்சை பெரும் சோதனையே. நாளத்தைத் திறந்துவைப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற உடற்பொருள் என்பதை அனுசரித்து, அதன் உற்பத்தியைத் தடுக்கும் இண்டோமெதசின் மருந்தால் கத்தியின்றியே அதை மூடலாம் என்று 1976-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இரு குழுவினர் நிரூபித்தனர். பின்னர் ஐபுபுரோஃபனும் பாராசிட்டமாலும் அதே காரியத்துக்கு வந்தன. 2019-இல், 700 கிராம் எடையுள்ள சிசுவுக்கும் இரத்தக்குழாய் வழியே பொருத்தத்தக்க அடைப்பான் ஒன்றுக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

காலக்கிரமத்தில் பல சிசுக்களில் நாளம் தானே மூடிக்கொள்வதைக் கண்ட வைத்தியர்கள், யாருக்குச் சிகிச்சை அவசியம், யாருக்குப் பொறுமையே போதும் என்பதைத்தான் இன்று விவாதித்து வருகிறார்கள்.