நட்டு வளர்த்த காடு

போன வருடம் ட்ருகனினாவில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் அயலவர்களோடு சேர்ந்து நான்கு மரக்கன்றுகள் நட்டேன். கோடையில் மூன்று கருகிவிட்டன. "இந்தக் கல்லு நிலத்தில என்னதான் வளரும்?" என்று அலுத்துக்கொண்டேன். அம்மம்மா மட்டும் மிஞ்சிய கன்றுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் ஆர்கன் பைப்ஸ் தேசியப் பூங்காவின் கதையை வாசித்தேன். அது மெல்பனுக்கு வடமேற்கே, நம் ஊர் இருக்கும் அதே எரிமலைப் பாறைச் சமவெளியில் இருக்கிறது. 1972இல் அது தேசியப் பூங்கா ஆனபோது, அந்தப் பள்ளத்தாக்கில் முட்புதரும் களைகளும் மண்டிக் கிடந்தன. அதே ஆண்டில் தொண்டர்கள் சிலர் 'பூங்காவின் நண்பர்கள்' என்று ஒன்றுகூடினார்கள். ஆஸ்திரேலியாவில் இப்படி உருவான முதல் குழு இதுதான் என்கிறார்கள். களை பிடுங்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் எஞ்சியிருந்த மரஞ்செடிகளிலிருந்து விதை எடுத்து, கன்றாக்கி நட்டார்கள்.

மரங்கள் வளர்ந்தன. ஆனால் வௌவால்கள் தங்க மரப்பொந்து வேண்டுமே! யூகலிப்டஸ் மரத்தில் பொந்து விழ நூறு ஆண்டுகூட ஆகலாம். அதனால் 1990களில் பெட்டிகள் செய்து மரங்களில் மாட்டினார்கள். வௌவால்கள் குடிவந்தன.

இன்று அங்கே போனால், அந்த மரங்கள் எப்போதும் அங்கேயே நின்றவை போலத் தோன்றும். பலவற்றை நட்டவர்கள் விடுமுறை நாளில் மண்வெட்டியோடு வந்த சாதாரண மனிதர்கள். அரசர்களும் போர்களும் மட்டுமல்ல, இதுவும் வரலாறுதான்.

இந்தக் குளிர்காலத்தில் அதே மூன்று குழிகளிலும் மறுபடி நடப்போகிறேன். பக்கத்தில் இருந்தால் நீங்களும் வாருங்கள். வாளி அம்மம்மாவிடம் இருக்கிறது.